கரண்ட் எங்கிருந்து வந்தது? – 'உலகம் சுற்றும் வாலிபன்' பற்றிச் சில குறிப்புகள்

எங்கள் டீமில் இருக்கும் தம்பி ஒருவன் மூன்று மாத வேலையாக ஒசாகா போகிறான். வயது 26. அனிமே பார்த்துப் பார்த்தே பாதி ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டவன். "அண்ணா, நீங்க அங்க இருந்தவர்தானே, சாயங்காலத்துக்கு மேல எங்கெல்லாம் சுத்தலாம்னு ஒரு லிஸ்ட் கொடுங்க" என்று கேட்டான். டென் டென் டவுன், டோட்டோன்போரி, ஷின்செகாய் என்று எழுதிக் கொடுத்தேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'கிளம்புறதுக்கு முன்னாடி உலகம் சுற்றும் வாலிபன் பார்த்துட்டுப் போ.' சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினான்.

நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. 1970-ல் எம்.ஜி.ஆர். தன் படக்குழுவோடு போய் இறங்கிய ஊர்களில் ஒசாகாவும் ஒன்று. அன்றைக்கு அங்கே நடந்துகொண்டிருந்தது எக்ஸ்போ 70. ஆசியாவில் நடந்த முதல் உலகப் பொருட்காட்சி. தமிழில் ஒரு விஞ்ஞானியை நாயகனாக்கி, அவனுடைய கண்டுபிடிப்பையே கதையாக்கி எடுத்த படம், உலகத்தின் மிகப் பெரிய விஞ்ஞானத் திருவிழாவுக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. இப்படி ஒரு பொருத்தம் எந்த இந்திய மொழிப் படத்துக்கும் எளிதில் வாய்க்காது. வாய்த்ததை வைத்து அந்தப் படம் என்ன செய்தது என்பதுதான் என் கேள்வி.

இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் நம் ஆட்கள் உடனே அரசியலுக்குப் போய்விடுவார்கள். தப்பில்லை. 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து எம்.ஜி.ஆர். நீக்கப்படுகிறார், அதே மாதம் அ.தி.மு.க. பிறக்கிறது. படம் 1973 மே 11-ல் வெளியாகிறது. ஒன்பதே நாளில், மே 20-ல், திண்டுக்கல் இடைத்தேர்தல். போஸ்டருக்குப் பதில் ஸ்டிக்கர் ஒட்டிய கதை, படம் வந்தால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று மதுரையில் சவால் விட்டதாகச் சொல்லப்படும் கதை எல்லாம் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இன்றும் ஓடும். அந்தக் கதைகள் படத்தை விடப் பெரிதாகி, படத்தையே மறைத்துவிட்டன. இது ஒரு அறிவியல் புனைகதைப் படம் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

கதையை ஒருமுறை ஞாபகப்படுத்திக்கொள்வோம். முருகன் என்ற விஞ்ஞானி மின்னலின் சக்தியைப் பிடித்து அடக்கிவைக்க வழி கண்டுபிடித்துவிடுகிறார். அது கெட்டவர்கள் கையில் சிக்கினால் இன்னொரு உலகப் போருக்குப் பயன்பட்டுவிடும் என்று பயப்படுகிறார். குறிப்புகளை அழித்துவிட்டதாக உலகத்தை நம்பவைத்துவிட்டு, ஒளித்துவைக்கிறார். அதை விலை பேசி விற்கத் துடிக்கும் இன்னொரு விஞ்ஞானி பைரவன், அசோகன் நடித்தது. முருகன் காணாமல்போக, தம்பி ராஜு தேடிக் கிளம்புகிறார். அவரும் எம்.ஜி.ஆர்.தான். அப்புறம் ஊர் ஊராகத் தேடல், துரத்தல், சண்டை, இடையிடையே எம்.எஸ்.வி.யின் பாட்டு. படம் எடுக்கும்போது வாலிபனுக்கு வயது 53 என்பதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடலாம்.

இதில் கதையின் கரு சின்ன விஷயமில்லை. பெரும் சக்தியைக் கண்டுபிடித்தவன் அதை வெளியே சொல்லலாமா, கூடாதா? ஹிரோஷிமாவுக்குப் பிறகு உலகத்தில் எல்லா இயற்பியல்காரர்களும் புரண்டு புரண்டு யோசித்த கேள்வி. அந்தக் கேள்வியோடு நாயகன் ஜப்பானுக்கே போகிறான். அணுகுண்டு விழுந்து சரியாக 25 வருஷம் ஆகியிருந்த நாட்டுக்கு.

எக்ஸ்போவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒசாகா நகரத்துக்கு வடக்கே சுய்தா என்ற ஊரில், மூங்கில் காடாகக் கிடந்த சென்ரி குன்றுகளைச் சமப்படுத்தி, 330 ஹெக்டேரில் அமைத்தார்கள். 1970 மார்ச் 15 முதல் செப்டம்பர் 13 வரை, 183 நாள். 77 நாடுகள் கலந்துகொண்டன. வந்துபோனவர்கள் 6 கோடியே 42 லட்சம் பேர். செப்டம்பர் 5 அன்று ஒரே நாளில் 8 லட்சத்து 35 ஆயிரம் பேர். நம்ம ஆண்டாள் கோயில் தேரோட்டக் கூட்டத்தையே பார்த்து மலைக்கிறவன் நான்.

அமெரிக்கக் கூடத்தில் நிலாவிலிருந்து எடுத்துவந்த கல்லை வைத்திருந்தார்கள். அதைப் பார்க்க மணிக்கணக்கில் வரிசை. ஃபுஜி கூடத்தில் ஐமேக்ஸ் முறையில் எடுத்த உலகின் முதல் படம் ஓடியது. கையில் பிடித்துப் பேசும் கம்பியில்லாத் தொலைபேசியை ஜனங்கள் பேசிப் பார்த்தார்கள். சான்யோ நிறுவனம் மனிதனைக் குளிப்பாட்டும் மெஷின் ஒன்றைக் காட்டியது. தட்டுகள் பெல்ட்டில் சுற்றி வரும் சுஷிக் கடை ஒசாகாவில் 1958-லேயே வந்துவிட்டாலும், நாடு முழுக்கப் பேர் வாங்கியது இந்தத் திடலில்தான். எல்லாவற்றுக்கும் நடுவில் தாரோ ஒக்காமோட்டோ செய்த 'சூரிய கோபுரம்'. 70 மீட்டர் உயரம். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரத்தைவிடப் பத்து மீட்டர் சொச்சம் அதிகம். கென்ஸோ டாங்கே என்ற பெரிய கட்டடக் கலைஞர் போட்ட பிரமாண்டமான கூரையைப் பொத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டி நிற்கும். நெற்றிக்கு மேலே பொன்முகம், வயிற்றில் ஒரு முகம், முதுகில் கறுப்புச் சூரியன். திருவிழாவின் முழக்கம் 'மனித குலத்தின் முன்னேற்றமும் இணக்கமும்'. அந்த முன்னேற்றப் பேச்சில் ஒக்காமோட்டோவுக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. அதனால்தான் வழவழப்பான எதிர்காலத்துக்கு நடுவே ஆதிகால மண்பொம்மை மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து நட்டார். அதே வருஷங்களில் அவர் வரைந்த பெரிய சுவரோவியம் அணுகுண்டு வெடிக்கும் கணத்தைப் பற்றியது. இப்போது டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாத்தியார் படங்களுக்கு ஒரு நோட்டு வைத்திருந்தார். படத்தின் பேர், எந்தத் தேதியில் பார்த்தது, யாரோடு போனது, தரை டிக்கெட்டா பெஞ்சா, எத்தனை நாள் ஓடியது, எல்லாம் வரிசையாக எழுதி, பாட்டுப் புத்தகங்களைத் தைத்து வைத்திருப்பார். சோழபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் 'உலகம் சுற்றும் வாலிபன்' பதினோரு தடவை பார்த்ததாகக் கணக்கு. நான் சின்னப் பையனாக இருந்தபோது டி.வி.யில் போட்டார்கள். எக்ஸ்போ திடல் வந்ததும் மாமா சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கு: "இத்தன கட்டடத்துக்கும் கரண்டு எங்கருந்துடா வருது? நமக்கு மில்லு ஓட்டவே கரண்டு இல்லாத நேரம் அது."

படம் வந்த காலம் தமிழ்நாட்டில் மின்வெட்டுக் காலம். மில்லில் வேலை பார்த்த மனுஷனுக்கு ஜப்பானில் முதலில் தோன்றிய கேள்வி அதுதான். தோன்ற வேண்டிய கேள்வியும் அதுதான்.

அதற்குப் பதில் எனக்கு ரொம்ப வருஷம் கழித்து, வேலைக்காக ஒசாகா போனபோதுதான் கிடைத்தது. எக்ஸ்போ திடலில் அன்றைக்கு இரும்புக் கூடமாக இருந்தது இப்போது எக்ஸ்போ அருங்காட்சியகம். போய்ப் பார்த்துவிட்டு வந்து படிக்க ஆரம்பித்தேன். ஜப்பான் கடலோரம் சுருகா என்ற ஊரில் கட்டிய அணுமின் நிலையம் வணிக உற்பத்தி தொடங்கியது 1970 மார்ச் 14-ல். அதாவது எக்ஸ்போ திறப்பு விழா நடந்த அதே நாள். அங்கிருந்து திடலுக்கு மின்சாரம் வந்தது. ஆகஸ்ட் மாதம் பக்கத்திலேயே இருக்கும் மிஹாமா நிலையத்திலிருந்தும் சோதனையாக மின்சாரம் அனுப்பினார்கள். திருவிழாவுக்கு அணுவிளக்கு ஏற்ற வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்த காரியம் அது. குண்டு விழுந்த நாடு, 25 வருஷத்தில் அதே சக்தியைப் பிடித்து அடக்கி, கம்பியில் ஓட்டி, உலகத்தைக் கூப்பிட்டு விளக்குப் போட்டுக் காட்டியது.

இப்போது படத்தைத் திரும்ப யோசியுங்கள். மின்னலைப் பிடித்து அடக்கிய விஞ்ஞானியின் கதையைச் சொல்லும் படக்குழு, அணுவைப் பிடித்து அடக்கிய விளக்குகளுக்குக் கீழே நிற்கிறது. கதையின் கேள்வியும் இடத்தின் கேள்வியும் ஒன்றேதான். இரண்டும் கைகெட்டும் தூரத்தில் இருந்தன, சந்திக்கவே இல்லை.

படத்தில் எக்ஸ்போவுக்குக் கதையில் வேலை கிடையாது. அது பாட்டுக்கும் உலாவுக்குமான இடம். கூடங்கள் நாயகனுக்கும் நாயகிக்கும் பின்னால் வண்ணத் திரைச்சீலை மாதிரி நிற்கின்றன. கேமரா பெரும்பாலும் வெளியேதான் சுற்றுகிறது. ஒரு விஞ்ஞானியின் குடும்பம் நிலாக்கல் வைத்திருக்கும் இடத்துக்குப் போயிருக்கிறதே, ஒரு வசனத்திலாவது 'அண்ணன் இதைப் பார்த்திருந்தால்' என்று வர வேண்டாமா? ஒளித்துவைத்த குறிப்பில் ஒரு துண்டாவது இந்த எழுபத்தேழு நாட்டுக் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்க வேண்டாமா? உலகமே கண்டுபிடிப்புகளைக் கடைபரப்பி வைத்திருக்கும் இடத்தில் ஒருவன் தன் கண்டுபிடிப்பை ஒளித்துவைக்கிறான். சும்மா எழுதிப் பார்த்தாலே காட்சி தானாக வருகிறது.

வெளிநாட்டில் போய் எடுப்பது என்றாலே அப்படித்தான், இடத்தைக் கதைக்குள் கொண்டுவர முடியாது என்று யாராவது சொல்லலாம். அதற்கு ஒரு பதில் இருக்கிறது. அதே 1970 மார்ச்சில், எக்ஸ்போ தொடங்கிய ஒரு வாரத்தில், ஜப்பானில் ஒரு படம் வந்தது. காமெரா என்ற ராட்சத ஆமை, ஜைகர் என்ற இன்னொரு மிருகத்தோடு மோதும் படம். சின்னப் பசங்களுக்கான மலிவுப் படம், ரப்பர் உடை போட்ட ஆட்கள் அட்டைக் கட்டடங்களை மிதிக்கும் வகை. அதில் கதை எப்படித் தொடங்குகிறது தெரியுமா? ஒரு தீவிலிருந்து பழைய சிலை ஒன்றைப் பெயர்த்து எக்ஸ்போவில் காட்சிக்கு வைக்கக் கொண்டுவருகிறார்கள். அந்தச் சிலைதான் பூதத்தை அடக்கிவைத்திருந்த பூட்டு. பூட்டு போனதும் பூதம் எழுந்து ஒசாகாவுக்கு வருகிறது. பார்த்தீர்களா, எக்ஸ்போவை எடுத்துவிட்டால் அந்தக் கதையே கிடையாது. 'ஊரிலிருந்து பிடுங்கி வந்து காட்சிக்கு வைக்கிறீர்களே, அது அங்கே எதற்கு இருந்தது என்று கேட்டீர்களா' என்ற கேள்வியை ஒரு ஆமைப் படம் கேட்டுவிட்டது. (கிராபிக்ஸ் கிண்டலுக்கு ஆளாகும் படங்களை நாம் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கலாம்.)

ஆனால், படத்துக்கு நியாயமும் சொல்ல வேண்டும். எம்.ஜி.ஆர். தானே தயாரித்து இயக்கிய படம் இது. சொந்தக் காசு. பல நாடுகளில் அலைந்து எடுக்க வேண்டிய காட்சிகள். அந்தப் பயணத்தைப் பற்றி அவரே 'திரைகடலோடித் திரைப்படம் எடுத்தோம்' என்று பொம்மை பத்திரிகையில் தொடர் எழுதினார். லட்சக்கணக்கான ஜனம் நடமாடும் திடலில் மஞ்சுளா, லதா, சந்திரகலா என்று மூன்று நாயகிகள் இருக்கும் படத்தின் காட்சிகளை எடுத்துக்கொண்டு வந்ததே ஒரு சாதனை. ஒளிப்பதிவாளர் வி. ராமமூர்த்தியின் கைவண்ணத்தில் அந்த 1970-ன் வெயிலும் வண்ணமும் அப்படியே நிற்கின்றன. திருவிழா முடிந்ததும் கூடங்களில் பெரும்பாலானவற்றைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். இடிபட்ட அந்த எதிர்கால நகரத்தின் வண்ணப் பதிவு, தமிழ்ப் பாட்டோடு, நம்மிடம் இருக்கிறது. ஒரு விமர்சகனாக நான் குறை சொல்லும் அதே வெளிப்புறக் காட்சிகள், ஆவணமாகப் பார்த்தால் பொக்கிஷம். சில ஆண்டுகளுக்கு முன் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோது நான் தியேட்டரில் போய்ப் பார்த்தது கதைக்காக இல்லை, பின்னணிக்காக. பக்கத்து சீட் பெரியவர் விசில் அடித்துக்கொண்டிருந்தார், நான் கட்டடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. எக்ஸ்போவுக்குப் போக முடியாத ராஜபாளையத்துக்கும் சோழபுரத்துக்கும் எக்ஸ்போவைக் கொண்டுவந்தது இந்தப் படம்தான். எங்கள் வட்டாரத்துக்கு அதற்கு முன் ஜப்பான் என்றால் தீப்பெட்டி. சிவகாசி தலையெடுப்பதற்கு முன் கோபே, ஒசாகா பக்கமிருந்து யானையும் சாமியும் அச்சடித்த தீப்பெட்டிகள் இந்தியாவுக்குக் கப்பலில் வந்தன. தீப்பெட்டிக்கு அப்புறம் எங்கள் ஜனங்கள் கண்ணால் பார்த்த ஜப்பான், வாத்தியார் நடந்துபோன அந்தத் திடல்.

பார்க்க முடியாமல்போனவர்களின் ஏக்கம் பற்றி ஜப்பானிலேயே ஒரு பெரிய மங்கா இருக்கிறது. நவோக்கி உராசவா 1999-ல் தொடங்கிய '20-ம் நூற்றாண்டுச் சிறுவர்கள்'. எக்ஸ்போவுக்குப் போக முடியாத ஒரு பையன், போனதாகப் பொய் சொல்கிறான். அந்தப் பொய்யைக் காப்பாற்றப் போய், பெரியவனானதும் உலகத்தையே தலைகீழாகப் புரட்டுகிறான். அதில் சூரிய கோபுரம் திரும்பத் திரும்ப வரும். எங்கள் தம்பிக்கு இந்த மங்கா மனப்பாடம். அதே கோபுரம் நிற்கும் திடலில் எம்.ஜி.ஆர். பாடியிருக்கிறார் என்று சொன்னதும்தான் அவன் சிரிப்பதை நிறுத்தினான்.

ஜப்பானின் கிறுக்கர் கலாச்சாரம் என்று இன்றைக்கு உலகம் கொண்டாடுகிறதே, அதன் ஒரு வேர் இந்த ஒசாகாவில்தான் இருக்கிறது. எக்ஸ்போ ஆண்டில் சர்வதேச அறிவியல் புனைகதைக் கருத்தரங்கு ஒன்றை ஜப்பானிய எழுத்தாளர்கள் கூட்டினார்கள். இலங்கையில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க்கும் போயிருந்தார். மிட்சுபிஷி கூடத்தின் காட்சிகளில் காட்ஸில்லா படங்களின் தந்திரக்காட்சி நிபுணர் சுபுராயாவின் கை இருந்தது. எக்ஸ்போ நடந்தபோது ஒசாகாவில் 12 வயதுப் பையனாக இருந்தவர் தோஷியோ ஒக்காடா. பதினோரு வருஷம் கழித்து, 1981-ல், ஒசாகாவில் அறிவியல் புனைகதை ரசிகர் மாநாடு ஒன்றை நடத்திய மாணவர் கூட்டத்தில் அவரும் ஒருவர். அந்த மாநாட்டின் தொடக்கத்துக்காகப் பசங்கள் தாங்களே கையால் வரைந்து ஒரு குட்டி அனிமேப் படம் எடுத்தார்கள். வரைந்தவர்களில் ஒருவர் ஹிதேயாக்கி அன்னோ, பின்னாளில் 'எவாஞ்சலியன்' எடுத்தவர். எதிர்காலத் திருவிழாவைச் சின்ன வயதில் பார்த்த ஒரு தலைமுறை, ரசிகனாக இருப்பதையே ஒரு தொழிலாக மாற்றிக்கொண்டது.

இந்த மாதிரி ஆட்களுக்கு ஜப்பானில் வந்த பேர் 'ஒட்டாகு'. சொல்லுக்கு நேர்ப்பொருள் 'உங்கள் வீடு'. மரியாதையாக 'நீங்கள்' என்பதற்குப் பதில் 'உங்க வீடு' என்று சொல்லிப் பேசும் வழக்கத்திலிருந்து வந்தது. 1983-ல் ஒரு பத்திரிகையில் கிண்டலாக எழுதப் போய் பேர் ஒட்டிக்கொண்டது. ஜப்பானியருக்கு இதை விளக்குவது கஷ்டமோ என்னவோ, நமக்குச் சுலபம். நம்ம பெண்கள் கணவரைப் பேர் சொல்லாமல் 'எங்க வீட்ல வெளியூர் போயிருக்காங்க' என்று சொல்வதில்லையா, அதற்குப் பக்கத்து வீடுதான் இது.

நம் ஊர் ஒட்டாகு யார் என்று கேட்டால் நான் என் மாமாவைத்தான் காட்டுவேன். தேதி, தியேட்டர், நாள் கணக்கு, பாட்டுப் புத்தகம், சலிக்காத சேகரிப்பு. ஒரே வித்தியாசம், எங்கள் ரசிகனின் அந்த நுட்பமான மூளையை அரசியல் கட்சிகள் கொடி கட்டவும் பூத்தில் உட்காரவும் எடுத்துக்கொண்டன. ஒசாகாப் பசங்கள் படம் எடுக்கப் போனார்கள். மாமாவின் 'கரண்ட் எங்கிருந்து' என்ற கேள்வியை எடுத்து வளர்க்க இங்கே ஒரு மேடையும் இல்லை.

நானும் யோக்கியன் இல்லை. ஒசாகாவில் இருந்தபோது மாலையில் வேலை முடிந்ததும் கால் தானாக நிப்பொன்பாஷி பக்கம் போகும். போருக்கு முன் பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன தெரு. அப்புறம் ரேடியோ உதிரிபாகம், அப்புறம் டி.வி., கம்ப்யூட்டர், இப்போது பொம்மை உருவங்கள், பழைய வீடியோ கேம் கேசட், பணிப்பெண் உடை போட்ட காபிக் கடைகள். டென் டென் டவுன் என்று பேர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டையும் மூர் மார்க்கெட்டையும் ஒன்றாகப் பிசைந்து, கூட்டிப் பெருக்கி, விளக்குப் போட்ட மாதிரி. அங்கிருந்து நடக்கிற தூரம்தான் டோட்டோன்போரி. 1935-ல் ஓடத் தொடங்கிய மிட்டாய்க் கம்பெனியின் ஓட்டக்காரன் விளம்பரப் பலகை, கால்வாயில் விழும் வெளிச்சம், நண்டு தொங்கும் ஹோட்டல். இன்னொரு பக்கம் ஷின்செகாய். 'புது உலகம்' என்று பேர், 1912-ல் எதிர்கால நகரம் என்று கட்டியது, இன்றைக்கு வயசாளிகள் பீர் குடித்துக்கொண்டு சதுரங்கம் ஆடும் பழைய உலகம். குச்சியில் குத்திப் பொரித்ததைப் பொதுக் கிண்ணச் சாஸில் இரண்டாவது தடவை முக்கக் கூடாது என்று அங்கே எழுதிப் போட்டிருப்பார்கள். எச்சில் விஷயத்தில் எங்கள் பாட்டி அங்கே நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாள்.

திரும்பி வந்து என் போட்டோக்களைப் பார்த்தேன். 600-க்கு மேல் இருந்தது. எல்லாம் பலகை, விளக்கு, கடை வாசல். உள்ளே யாரோடும் பேசிய சுவடு ஒன்றுகூட இல்லை. ஒரு பழைய சர்க்யூட் போர்டு கடையில் எழுபது வயதுக்காரர் ஒருவர் தினமும் என்னைப் பார்த்துத் தலையசைப்பார். அவர் எக்ஸ்போவுக்குப் போனாரா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பின்னணிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தவன் என்று எம்.ஜி.ஆரைச் சொன்னேன் இல்லையா, என்னிடம் ஜோடியும் பாட்டும் மட்டும்தான் இல்லை. இப்போது யூடியூபில் தமிழில் ஜப்பான் காட்டும் தம்பிகளும் இதே கட்டத்தில்தான் நிற்கிறார்கள். தானியங்கி விற்பனைப் பெட்டி, சுடுநீர் டாய்லெட், நியான் விளக்கு, 'மக்களே இங்க பாருங்க'. ஐம்பது வருஷமாக நாம் கூடத்துக்கு வெளியே நின்று ஆச்சரியப்படுகிறோம்.

உள்ளே போன தமிழர் இருந்தார். பேரில் கூட ஒற்றுமை உண்டு. கோட்டையூர் ஏ.கே. செட்டியார், 'உலகம் சுற்றும் தமிழன்'. 1930-களின் நடுவில் டோக்கியோவுக்குப் போனது போட்டோகிராபி படிக்க. அங்கே படித்த கையோடு அமெரிக்கா போய் மேலும் படித்து, பல நாடுகளில் அலைந்து பிலிம் சேகரித்து, 1940-ல் காந்தி பற்றிய ஆவணப் படத்தை வெளியிட்டார். ஜப்பானிடமிருந்து ஒரு கைத்தொழிலை வாங்கி வந்தவர் அவர். நட்சத்திரத்தையும் மாணவனையும் ஒப்பிடுவது நியாயமில்லை என்று சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

எதிர்த் திசையில் நடந்ததையும் பாருங்கள். 1998-ல் ரஜினியின் 'முத்து' ஷிபுயாவில் ஒரு தியேட்டரில் இருபது வாரத்துக்கு மேல் ஓடியது. அதிலிருந்து ஆரம்பித்த ரசிகர்கள் பாட்டுக்குப் பொருள் தேடினார்கள், சிலர் தமிழே படித்தார்கள், 2023-ல் 'ஜெயிலர்' முதல் நாள் பார்க்க ஒசாகாவிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறி வந்தார்கள். நாம் அவர்கள் ஊரைப் பின்னணியாக வைத்தோம். அவர்கள் நம் படத்தை உரை எழுதிப் படித்தார்கள்.

ஒசாகாவிலிருந்து வந்தபின் ஒரு பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போனபோது, சுருகா, மிஹாமா விஷயத்தைச் சொன்னேன். நாற்பது வருஷத்துக்கு முந்திய அவருடைய கேள்விக்குப் பதில் என்று சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். நோட்டை எடுத்து வந்து அந்தப் பக்கத்தில் ஓரமாகக் குறித்துக்கொண்டார். அந்த இரண்டு உலைகளையும் 2015-ல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள் என்றேன். ஃபுகுஷிமாவுக்கு அப்புறம் பழைய உலைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள் என்றும், நமக்குத் தெற்கே கூடங்குளத்தில் அதே நேரத்தில்தான் ஜனங்கள் கடலில் இறங்கிப் போராடினார்கள் என்றும் பேச்சு போனது. மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "மாப்ள, அப்ப வாத்தியார் ஒளிச்சு வச்ச பேப்பரும் இதுவும் ஒண்ணுதானடா. அந்தத் திடல்ல நின்னுக்கிட்டு அதப் பத்தி ஒரு வார்த்த பேசலயே அவரு."

பதினோரு தடவை பார்த்த ரசிகர் சொன்ன விமர்சனம் இது. நான் மேலே மூச்சு வாங்க எழுதியதெல்லாம் இதற்கு அடிக்குறிப்பு.

இப்போதைக்கு எக்ஸ்போ காட்சிகளை ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி, பின்னால் தெரியும் கூடங்களை எக்ஸ்போவின் வரைபடத்தோடு ஒத்துப்பார்த்துப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது அந்தத் தொடர் வந்த பொம்மை இதழ்கள் இருந்தால் சொல்லுங்கள், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரம் என்றால் நானே வண்டி எடுத்துக்கொண்டு வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறேன். தம்பி போன ஞாயிற்றுக்கிழமை ஒசாகா போய்ச் சேர்ந்துவிட்டான். முதல் நாள் ராத்திரியே டோட்டோன்போரி ஓட்டக்காரன் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற படம் வந்தது. நேற்று இன்னொரு படம். சூரிய கோபுரத்தின் முதுகுப்பக்கம், கறுப்புச் சூரியன். கீழே எழுதியிருந்தான்: 'அண்ணா, வாத்தியார் இந்தப் பக்கம் வந்தாரா?'